பிரதாபனுக்கும் எடுங்கோ

"கதிரையோ, பாயோ?"

"கதிரை. பிளாஸ்டிக் கதிரைதான். ஆனா ஒவ்வொண்டுக்கும் வெள்ளைச் சீலை போட்டு, பின்னால நாடா கட்டி வச்சிருக்கினம்."

"கலியாண மண்டபம் எண்டு சொல்லன். செருப்பு?"

"அதுதானடா எனக்கு விளங்கேல்லை. சிலபேர் வாசல்ல கழட்டிப்போட்டுப் போயினம், சிலபேர் போட்டபடி போயினம். நான் ஒண்டைக் கழட்டிப்போட்டு, மற்றதைக் கழட்டிறதோ விடுறதோ எண்டு நிண்டனான். பின்னால வந்த மனிசி என்னை இடிச்சுப்போட்டு, 'ஸ்தோத்திரம் சகோதரி' எண்டுது."

"நீ என்ன சொன்னனீ?"

"பறவாயில்லை எண்டன்."

கட்டிலில் குப்புறக் கிடந்த பிரதாபன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும் முகத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தான். அடுத்த கேள்வி என்னவென்று கௌசலாவுக்குத் தெரியும். அதைத் தள்ளிப் போடத்தான் அவள் செருப்புக் கதையை இவ்வளவு நீட்டியிருந்தாள்.

"அப்பம் குடுத்தவையோ?"

"மாசத்தில முதல் ஞாயிறுதானாம்."

"அப்ப வாற கிழமை."

"அதுவும் ஆறு மாசம் வகுப்புக்குப் போய், பேர் பதிஞ்ச ஆக்களுக்குத்தானாம். வீட்டுக்குக் குடுத்துவிடுறேல்லையாம். கேட்டுப் பாத்தனான்." அவள் சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள். "வீட்டில இருக்கிற ஆள் போன்ல பாக்கலாமாம். ஒவ்வொரு ஞாயிறும் லைவ் போகுதாம்."

"போன்ல நான் அவையைப் பாக்கலாம். அவை என்னைப் பாக்கேலாதே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. போன் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்த ஆளாகத்தான் சொன்னான். ஜெயபுரத்தில் யாருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும், உழவு மெசினில் நசிந்தாலும், அது கடைசியில் அவனுடைய கட்டிலுக்குத்தான் வந்து சேரும். நெஞ்சுக்குக் கீழே தலையணையை வைத்துக் குப்புறக் கிடந்தபடி, தலைமாட்டில் போட்ட பலகையில் வைத்துத் திருத்துவான். அந்தக் கிடை பதினாறு வருடப் பழக்கம். பத்தொன்பது வயதில், கடைசிப் போரில், உடையார்கட்டு என்ற ஊரில், ஒரு ஷெல் துண்டு முள்ளந்தண்டுக்குள் புகுந்து இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. சக்கர நாற்காலி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதில் அரை மணித்தியாலம் இருந்தால் ஆறிய புண் வாய் திறந்துவிடும். அதனால் அது அறை மூலையில் துவாய் காயப்போடும் கொடியாக நின்றது.

நாலு மாதத்துக்கு முன்புவரை அவர்களுக்கு ஒரு சபை இருந்தது. குளத்தடியில் தகரக் கூரையும் அரைச்சுவருமாக ஒரு கொட்டகை. பதினொரு குடும்பங்கள். யோகலிங்கம் பாஸ்டர் ஞாயிறுதோறும் இயேசுவின் நினைவாக அப்பம் பிட்பார். அப்பம் என்றால் சந்திக் கடையில் வாங்கும் சாதாரணப் பாண்தான். எல்லோரும் எடுத்த பிறகு தட்டில் ஒரு துண்டு மிஞ்சும். மிஞ்சும்படி அவர் பார்த்துக்கொள்வார். தட்டைக் கௌசலாவின் பக்கம் நீட்டி, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில், "பிரதாபனுக்கும் எடுங்கோ" என்பார். அவள் அதைத் தோய்த்து மடித்த லேஞ்சித் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். பிரதாபன் முகச்சவரம் செய்து, சேட்டுப் போட்டு, கை கழுவக் காத்திருப்பான். அவள் அன்றைய கதையை, யார் வந்தது, யார் வரவில்லை, யார் செபத்தில் நித்திரை கொண்டது என்று ஒன்றும் விடாமல் சொல்லச் சொல்ல, அவன் அந்தத் துண்டைக் கிள்ளிக் கிள்ளித் தின்பான். "உன்ர பேரைச் சொன்னவர்" என்பதுதான் கதையின் கடைசி வரி. அதைக் கேட்ட பிறகுதான் கடைசித் துணுக்கு வாய்க்குள் போகும்.

பாஸ்டர் பிரான்சில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். கொட்டகை நின்ற காணி அவருடைய மைத்துனரின் காணி. இப்போது அதற்குள் உரப் பைகள் அடுக்கியிருக்கின்றன. பதினொரு குடும்பமும் திசைக்கொன்றாகப் போயின. சிலர் ஒரு இடத்துக்கும் போகவில்லை.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதத்தில் பிரதாபன் ஞாயிறுகளில் முகச்சவரம் செய்வதை விட்டான். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், யாருடையதோ போனின் உள்ளுக்குள் பார்த்தபடி, "அக்கா, நீங்கள் மூண்டு பேரும் எங்கயாவது ஒரு இடத்தில சேருங்கோ. என்னைப் பாக்காதேங்கோ" என்றான். மூன்று பேர் என்றால் கௌசலா, அவள் கணவன் தயாபரன், பன்னிரண்டு வயது மகள் லக்சிகா. இந்த வீட்டில் யாரும் அதுவரை மூன்று என்று எண்ணியதில்லை. அன்றைக்குத்தான் அவள் தேடத் தொடங்கினாள்.

கதிரைக்கு வெள்ளைச் சீலை போட்ட அந்தக் கிளிநொச்சிச் சபையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். "குடும்பத்தினர் எண்ணிக்கை" என்ற இடத்தில் அவள் நாலு என்று எழுதினாள். மேசையில் இருந்த சகோதரி அன்பாகத்தான் சொன்னாள்: "ஒழுங்கா வாற ஆக்களை மட்டும் போடுங்கோ." கௌசலா நாலை வெட்டினாள். மூன்று என்று எழுதக் கை வரவில்லை. வீட்டில் யோசித்து நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று படிவத்தை மடித்து எடுத்து வந்தாள். அது இப்போது கலண்டருக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது.

அடுத்தது சனிக்கிழமைச் சபை. சின்ன இடம், மெதுவாகப் பேசும் மனிதர்கள், மாமரத்துக்குக் கீழே மதியச் சாப்பாடும் கொடுத்தார்கள். லக்சிகா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். சனிக்கிழமைதான் அவளுக்குக் கணித வகுப்பு. இங்கே அப்பம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதற்கு முன்பு ஆளுக்கு ஆள் காலைக் கழுவிவிட வேண்டும்.

"என்ர காலைக் கழுவத் தேவையில்லை எண்டு சொல்லு" என்றான் பிரதாபன். "நிலத்தில படாத கால். இந்த ஊரில இதைவிடச் சுத்தமான கால் ஒருதருக்கும் இல்லை."

"பகிடிக்கு ஒரு அளவில்லையோடா?"

"அக்கா, நீ சிரிக்கிறாய்."

அவள் சிரித்துத்தான் இருந்தாள். பிறகு குசினிக்குள் போய், அடுப்பில் வைத்த உலையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். எல்லோரும் ஒரே கடவுளைத்தான் சொல்கிறார்கள். ஒரே புத்தகத்தைத்தான் திறக்கிறார்கள். பிறகு ஏன் ஒரு வாசலில் ஞாயிறும் இன்னொரு வாசலில் சனியுமாக இருக்கிறது? அவளுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது, யாரிடமும் சொல்லாத குழப்பம். மீளக் குடியேறிய வருடம், தரப்பாள் கொட்டிலுக்குள் முதலில் எட்டிப் பார்த்தவர் யோகலிங்கம் பாஸ்டர். அன்று அவர் பிரசங்கம் ஒன்றும் வைக்கவில்லை. "தம்பியைத் திருப்பிக் கிடத்த வேணும், ஒரு பக்கம் பிடியுங்கோ பிள்ளை" என்றார். அந்த ஒரு பக்கத்தைப் பிடித்ததில்தான் எல்லாம் தொடங்கியது. அப்படியென்றால் தாங்கள் வேதத்துக்கு வந்தார்களா, அல்லது அந்த மனிதரிடம் வந்தார்களா? அவர் விமானம் ஏறியபோது எது போனது, எது மிச்சம்?

பக்கத்து வீட்டுச் சிவலட்சுமிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. "பேசாமல் என்னோட வற்றாப்பளைப் பொங்கலுக்கு வா. அம்மன் ஒண்டும் ஃபோர்ம் நிரப்பச் சொல்லிக் கேக்கமாட்டா" என்றாள் வேலிக்கு மேலால். கௌசலாவுக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. யார் எதைச் சொன்னாலும் சரியாகவே பட்டது.

தீர்வைக் கண்டுபிடித்தது தயாபரன். லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் பெட்டி பூட்டி மண்ணும் கல்லும் ஏற்றுகிறவனுக்கு ஊர்க் கதை எல்லாம் முதலில் வரும். ஒரு பின்னேரம் கால் கழுவாமலே அறைக்குள் வந்து நின்றான்.

"மச்சான், விசயம் தெரியுமோ? வேதக்காரக் கோயில்ல, அதுதான் அந்தக் கத்தோலிக்கச் செபஸ்தியார் கோயில்ல, கிழமைக்குக் கிழமை அப்பமாம்! கேட்டுப் பாத்தால் நாளுக்கு நாளும் குடுக்கினமாம்!"

"நாளுக்கு நாளோ?" பிரதாபன் திருகாணியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஓம். பெரிய இடம் பெரிய இடம்தான்."

அந்த ஞாயிறு காலையில் பிரதாபன் கண்ணாடி கேட்டான். கௌசலா கண்ணாடியையும் சவர அலகையும் கொண்டுவந்து வைத்தாள். பெட்டியின் அடியில் கிடந்த லேஞ்சியை எடுத்து உதறி, தயாபரனின் சேட்டுப் பையில் வைத்தாள்.

லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் சாக்கு விரித்து, அவளும் லக்சிகாவும் ஏறிக்கொண்டார்கள். கோயில் வளவுக்குள் அது தடதடவென்று புகுந்தபோது, மணி அடித்துக்கொண்டிருந்தவர் அடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்.

கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். கௌசலா பழக்கத்தில் தலைக்கு முக்காடு போட்டாள். முன்னால் இருந்த பெண்களில் பாதிப் பேர் போட்டிருக்கவில்லை. எடுத்தாள். பிறகு ஒரு வயதான அம்மா போட்டுக்கொண்டு வந்து இருந்தார். திரும்பவும் போட்டாள். எல்லோரும் எழுந்தபோது அவள் எழுந்தாள், அவள் எழுந்து முடிய அவர்கள் இருந்தார்கள். ஒருமுறை எல்லோரும் முழங்காலில் நிற்க, அவள் மட்டும் நடுக்காட்டுப் பனைமாதிரி நின்றுகொண்டிருந்தாள். லக்சிகா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். யாரும் சாட்சி சொல்லவில்லை, யாரும் அழவில்லை. எல்லோருக்கும் அடுத்த வார்த்தை தெரிந்திருந்தது. அது ஆறுதலாக இருந்ததா, அந்நியமாக இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வரிசை தொடங்கியது. தயாபரன் எழுந்து போனான். அவள் தயங்கி இருந்துவிட்டாள். இளம் ஃபாதர் ஒரு வெள்ளை வட்டத்தைத் தூக்கிக் காட்டி என்னவோ சொல்ல, தயாபரன் முன்னால் நின்றவரைப் பார்த்து வைத்தது போலவே இரண்டு கையையும் குவித்து, கோயில் அதிர "ஆமென்" என்றான். மற்றவர்கள் அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். அவன் விரல்களை மூடிக்கொண்டு வந்தான். வாங்கில் இருந்து, லேஞ்சியைத் தொடையில் விரித்து, வட்டத்தை நடுவில் வைத்து, நாலு முனையையும் மடித்து, நெஞ்சுப் பையில் வைத்தான். கௌசலாவைப் பார்த்துத் தலையசைத்தான். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவளுடைய நெஞ்சுக்குள் எதுவோ அதன் இடத்தில் போய் இருந்தது.

பக்கத்து வாங்கில் குடையோடு இருந்த ஒரு பெண் தங்களையே பார்ப்பதை அவள் கண்டாள். புது ஆட்களை யாரும் பார்க்கத்தானே செய்வார்கள்.

வீட்டில் பிரதாபன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக் காத்திருந்தான். பலகையில் கிடந்த திருகாணிகளை ஒதுக்கி, தயாபரன் லேஞ்சியை விரித்தான்.

"இதென்ன அத்தான், வெள்ளைக் கடதாசி மாதிரி?"

"பெரிய இடத்து அப்பம் அப்பிடித்தான்."

"பாரமே இல்லையே." பிரதாபன் தொடாமல் குனிந்து மணந்து பார்த்தான். பிறகு, பார்வையை அதிலிருந்து எடுக்காமலே கேட்டான். "என்ர பேரைச் சொன்னவரோ?"

கௌசலா கணவனைப் பார்த்தாள். தயாபரன் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"சொன்னவர். பிரதாபனுக்கும் எடுங்கோ எண்டு சொல்லித்தான் தந்தவர்."

"என்னை அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் போய்ச் சொன்னனான்தானே."

பிரதாபனின் முகம் விரிந்த விதத்தைப் பார்த்து, கௌசலா வாசல் பக்கம் திரும்பினாள். "கை கழுவத் தண்ணி கொண்டாறன்" என்று பேசினை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பொய்தான். ஆனால் இப்படி ஒரு பொய்யைப் பிழை என்று சொல்லும் சபை எது, பரவாயில்லை என்று சொல்லும் சபை எது என்று யோசித்தபடி தண்ணீர் அள்ளினாள்.

அவள் பேசினோடு திரும்பும்போது வேலிப் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அதே இளம் ஃபாதர். பின்னால் குடையோடு அந்தப் பெண்.

"லாண்ட்மாஸ்ரரில கோயிலுக்கு வந்த ஆக்கள்ர வீடு இதுதானே?" என்றாள் பெண். "வழியெல்லாம் கேட்டுக் கேட்டு வாறம்."

கௌசலாவுக்கு உச்சி குளிர்ந்தது. போன முதல் நாளே வீடு தேடி வந்துவிட்டார்கள்! படிவம் இல்லை, ஆறு மாதம் இல்லை. "வாங்கோ ஃபாதர், வாங்கோ அக்கா" என்றாள். வீட்டில் சீனி கிடக்கிறதா என்று மனம் ஓடியது.

"நான் றீற்றா. கோயில்ல உங்களுக்குப் பக்கத்து வாங்கு." அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "உங்கட அவர் எங்க? அவர் வாயில போட்டவரோ இல்லையோ?"

தயாபரன் வெளியே வந்தான். கேள்வி அவன் காதில் விழுந்திருந்தது. அவனுக்கு அது பாராட்டுப் போலத்தான் கேட்டிருக்க வேண்டும். "இல்லை அக்கா, சத்தியமா நான் தின்னேல்லை! பத்திரமாக் கொண்டந்திட்டன்."

றீற்றா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆண்டவரே."

ஃபாதர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கிட்டத்தில் பார்க்க இன்னும் சின்னப் பெடியனாகத் தெரிந்தார். "அண்ணை, அது பாண் துண்டு மாதிரி இல்லை. எங்களுக்கு அது ஆண்டவரேதான். ஞானஸ்நானம் எடுத்து, படிச்சு, ஆயத்தப்பட்ட ஆக்கள்தான் வாங்கிறது. வாங்கின இடத்திலயே உட்கொள்ள வேணும். வெளியில கொண்டு போகப்படாது."

"நான் களவெடுக்கேல்லை ஃபாதர். நீங்கள்தானே கையில தந்தனீங்கள்."

"தந்தனான்தான்." ஃபாதரின் காது சிவந்தது. "புது முகம் எண்டு நான் கேட்டிருக்க வேணும். பிழை என்னிலயும் இருக்கு."

"எங்கட சபையில எழும்பேலாத வருத்தக்கார ஆக்களுக்கு இப்பிடித்தான் கொண்டுபோறது" என்றாள் கௌசலா. "பாஸ்டரே தந்துவிடுவார்."

"எங்களிலயும் வருத்தக்காரருக்குக் கொண்டுபோறதுதான் அக்கா. ஆனா..." அவர் ஹெல்மெட்டை மோட்டார் சைக்கிளில் கொழுவினார். "இப்ப எங்க இருக்கு?"

எல்லோரும் அறை வாசலைப் பார்த்தார்கள்.

முதலில் உள்ளே போனது றீற்றா. பலகையில், கழற்றிப் போட்ட போன்களுக்கும் திருகாணிகளுக்கும் நடுவில், விரித்த லேஞ்சியில் அந்த வெள்ளை வட்டம் கிடந்தது. கண்டதும் குடையைக் கீழே விட்டுவிட்டுச் சீமெந்து நிலத்தில் முழங்காலில் விழுந்தாள். கட்டிலின் தலைமாட்டில், பிரதாபனின் முகத்துக்கு நேரே.

"அக்கா, ஆர் இவா?" பிரதாபன் கைகளை ஊன்றி நிமிரப் பார்த்தான். "ஏன் எனக்கு முன்னால முழங்காலில நிக்கிறா? எழும்பச் சொல்லு, எழும்பச் சொல்லு."

றீற்றா எழும்பவில்லை. அவளைப் பார்த்துத் தயாபரனும் முழங்காலில் நின்றான். லக்சிகா தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், பிறகு அவளும் நின்றாள். கௌசலாவின் கையில் நிறை பேசின். நிற்பதா, முழங்காலில் இருப்பதா, பேசினை எங்கே வைப்பது, இந்தத் தண்ணீர் இனி எதற்கு, ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. தண்ணீர் விளிம்பில் தத்தளித்தது.

ஃபாதர் முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குக் கிட்ட இருந்தார். வெளியில் சொன்னதைத் திரும்பவும் மெதுவாகச் சொன்னார். இந்தத் தடவை இடையிடையே தடுமாறினார். சொல்லி முடித்து, பையிலிருந்து பொன் நிறத்தில் சின்ன வட்டப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார்.

"அப்ப இதைத் திருப்பித் தரவேணும்" என்றான் பிரதாபன்.

"ஓம் தம்பி."

"அத்தான் சொன்னவர், நீங்கள் என்ர பேரைச் சொல்லித்தான் குடுத்துவிட்டனீங்கள் எண்டு."

ஃபாதர் திரும்பித் தயாபரனைப் பார்த்தார். தயாபரன் நிலத்தைப் பார்த்தான். ஓம் சொன்னனான் என்று இந்த மனிதர் ஒரு சொல் சொல்லிவிட்டால் என்ன என்று கௌசலா ஏங்கினாள். அதே நேரம், சொல்லிவிட்டால் இனி யாரை நம்புவது என்றும் பயந்தாள். ஃபாதர் கையில் திறந்திருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிரதாபன் எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையாட்டினான்.

"நான் கை கழுவேல்லை. தொட்டால் ஊத்தையாயிடும். நீங்களே எடுங்கோ."

ஃபாதர் இரண்டு விரலால் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். துகள் இருக்கலாம் என்று லேஞ்சியையும் நாலாக மடித்து எடுத்துக்கொண்டார். அதைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவதாகக் கௌசலாவிடம் சொன்னார். பலகையில் அது கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. றீற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஃபாதரும் எழுந்தார்.

"ஃபாதர்."

வாசலில் நின்று திரும்பினார். பிரதாபன் சேட்டுக் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தான். சவரம் செய்த கன்னத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது.

"அப்பம் வேண்டாம். படிக்காமல் தரேலாதெண்டால் அது சரிதான். வாற ஞாயிறு, எல்லாரும் இருக்கேக்க, என்ர பேரை மட்டும் ஒருக்காச் சத்தமாச் சொல்லுவீங்களோ?"